புளித்தது வேறு, காய்ச்சியது வேறு



"கள்ளுக்கும் சாராயத்துக்கும் என்னங்க பெரிய வித்தியாசம்? ஒண்ணு கொஞ்சம் சாது, இன்னொண்ணு கொஞ்சம் காரம். அவ்வளவுதானே!" என்று சொல்பவர்கள் நம் கிராமங்களில் பலர். சீமையிலும் இதே பேச்சு உண்டு. வீட்டில் பீர் புளிக்க வைத்துப் பழகியவர், இதையே அடுப்பில் ஏற்றி வடித்தால் விஸ்கிதானே என்று ஆசைப்படுகிறார். முளைகட்டிய பார்லியைப் புளிக்க வைத்தால் பீர், வடித்தால் விஸ்கி. நம் ஊரில் வெல்ல ஊறலை வடித்தால் சாராயம். முறை ஒன்றுதான். ஆனால் புளிப்பதிலிருந்து காய்ச்சுவதற்குப் போவது ஒரு படி ஏறுவது போல அல்ல. வேலியைத் தாண்டிக் கிணற்றில் குதிப்பது போல. ஏன் என்று கணவனும் மனைவியும் சேர்ந்தே படியுங்கள்.

புளிப்புக்கு ஒரு வேலி உண்டு

பனம்பாளையில் வடியும் சாறு, கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் கள். ஈஸ்ட் என்ற, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுவதே புளிப்பு. ஆல்கஹால் அளவு மீறினால் அந்த உயிரே தாக்குப்பிடிக்காமல் ஓய்ந்துவிடும். எவ்வளவு நாள் ஊற வைத்தாலும் பெரும்பாலும் நூற்றுக்கு 15 பங்கைத் தாண்டாது. கள்ளிலும் பீரிலும் சுமார் 5 பங்குதான்.

இதனால் கள் நல்லது என்று அர்த்தமில்லை. தினம் குடித்தால் அதுவும் ஈரலைக் கெடுக்கும், கூலியைக் கரைக்கும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கவும் தடை உள்ளது.

காய்ச்சினால் வேலி போச்சு

தண்ணீர் கொதிப்பது 100 டிகிரி செல்சியஸில். ஆல்கஹால் 78 டிகிரியிலேயே ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பதுதான் வடிப்பது. தண்ணீர் பானையிலேயே பெரும்பகுதி தங்கிவிட, போதைச் சத்து மட்டும் திரண்டு வந்துவிடுகிறது.

கடையில் விற்கும் விஸ்கியில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால். 650 மில்லி பீர் பாட்டிலில் இருப்பது சுமார் 32 மில்லி ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 77 மில்லி! உள்ளங்கைக்குள் அடங்கும் பாட்டிலில் இரண்டு பீருக்கு மேலே இருக்கிறது. வயிறு நிறைந்து "போதும்" என்று சொல்லுமுன் மூளை மயங்கிவிடும். திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சாராயத்திலோ எத்தனை பங்கு என்று காய்ச்சியவனுக்கே தெரியாது.

கண்ணைப் பறிக்கும் மெத்தனால்

சாராயத்தின் உடன்பிறப்பு போன்றது மெத்தனால். பெயின்ட், ரசாயனத் தொழில்களுக்கு உரியது; குடிக்க உரியதல்ல. வெல்ல ஊறலில் இது தானாக உண்டாவது சொற்பம். ஆனால் "கிக்" வேண்டும், லாபம் வேண்டும் என்று தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்து விற்கிறார்கள். ஊர் ஊராகச் சாவு விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பெண்களும் இறந்தார்கள். தாய், தந்தை இருவரையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் உண்டு.

மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. சுத்தமான மெத்தனால் 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி, பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரையே பறிக்கலாம்.

ஊரில் சொல்வதும் உண்மையும்

"தீக்குச்சி வச்சா நீலமா எரியுது. நல்ல சரக்கு." தவறு. மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும்.

"முதல்ல வடியறதைக் கொட்டிட்டா விஷம் போயிடும்." தவறு. மெத்தனால் முதல் வடியோடு முழுவதும் போய்விடாது. பின்னால் வருவதிலும் கலந்தே வரும். வெளியிலிருந்து கலந்ததை இந்த வித்தை என்ன செய்யும்?

"நேத்தும் அதே ஆள்கிட்டதான் குடிச்சேன், ஒண்ணும் ஆகலையே." நேற்றைய சரக்கு வேறு, இன்றைய சரக்கு வேறு. வாசனை, நிறம், ருசி எதிலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

"பிள்ளை பெத்தவளுக்கு உடம்பு வலிக்கு ஒரு மூடி குடுக்கலாம்." கூடாது. கர்ப்ப காலத்தில் எந்த அளவும் பாதுகாப்பானதல்ல. குடித்த தாயின் பாலிலும் ஆல்கஹால் இறங்கும்.

வீட்டில் அடுப்பு வைத்தால்

கசியும் ஆவி நெருப்பைக் கண்டதும் பற்றிக்கொள்ளும். கூரை வீட்டில் என்ன மிஞ்சும்? பழைய வண்டி ரேடியேட்டரை வைத்து வடித்தால் காரீயமும் சேர்ந்தே வடியும்; ரத்தத்தையும் நரம்பையும் கெடுக்கும். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை இரண்டு வாய் குடித்தாலும் ஆபத்து. இதெல்லாம் போக, காய்ச்சுவது சட்டப்படி குற்றம். கள்ளச்சாராயத்தால் உயிர் போனால், விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க 2024-இல் சட்டம் திருத்தப்பட்டது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை

மெத்தனால் உடனே காட்டிக்கொடுக்காது. முதலில் சாதாரணப் போதை போலவே இருக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே விஷம் தலைகாட்டும். "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். கவனியுங்கள்:

* தலைவலி, வாந்தி, தாங்க முடியாத வயிற்றுவலி
* பனிமூட்டம் போல மங்கும் பார்வை
* மூச்சு வாங்குதல், வலிப்பு, நினைவு தப்புதல்

இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். நினைவு இல்லாதவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், உப்புத் தண்ணீர், எலுமிச்சை என்று நேரத்தை வீணாக்காதீர்கள்; வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மீதி இருந்தால் பாட்டிலோடு எடுத்துப் போங்கள். கூடக் குடித்தவர்களுக்கும் சொல்லி, நன்றாக இருப்பவரையும் அழைத்துப் போங்கள்.

போலீசுக்குப் பயந்தோ, ஊர் சிரிக்குமே என்றோ "வயித்துப்போக்கு" என்று டாக்டரிடம் மறைக்க வேண்டாம். உண்மையைச் சொன்னால்தான் விஷம் அமிலமாக மாறாமல் தடுக்கும் மருந்தும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸும் நேரத்தில் கிடைக்கும். மானம் ஒரு நாள் போனால் மீட்கலாம். கண் போனால்?

விட நினைப்பவருக்கு

பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம். ஆகவே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். மன ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம். மனைவி குத்திக்காட்டாமல் கூடப் போனால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து இதைப் பேசுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஊறல் பானை ஏறாத அடுப்பில் உலைப்பானை ஏறட்டும்!