கண்ணுக்கும் குறிக்கும் நடுவே

ரப்பர் மரத்தின் பால்குழாய்கள் மிகுதியாக இருப்பது மேல்பட்டையில் அல்ல, கட்டையை ஒட்டிய உள்பட்டையில். அந்த உள்பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று ஓடுகிறது. மரம் புதுப்பட்டை வளர்ப்பது அதைக் கொண்டுதான். உளி அந்தப் படலத்தைத் தொட்டால் காயம் முண்டும் முடிச்சுமாக ஆறும். அந்த இடத்தில் பிறகு நல்ல வெட்டு விழாது. பயந்து மேலோடு சீவினால் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் அளவு குறையும். ஆகவே உளி படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். ஒரு வெட்டில் சீவும் பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். ரந்தாவ், லிங்கி, சிலியாவ், பகாவ் என்று மலேசியாவின் நெகிரி செம்பிலான் நெடுகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இந்த வேலையை விடியற்கால மங்கலில் செய்தார்கள். பலருக்கு நெற்றி விளக்கே வெளிச்சம். ஒருவருக்கு ஒதுக்கிய நிரையில் நானூறு, ஐந்நூறு மரங்கள் இருக்கும்.

கைக்கு இவ்வளவு நுட்பம் பழகி முடியும் வயதில்தான் கண் பின்வாங்கத் தொடங்குகிறது. நாற்பதைத் தாண்டியவருக்குச் செய்தித்தாள் கைநீளம் தள்ளிப் போகிறது. வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் நாம் சொல்வது இதைத்தான். இது நோயன்று. யாரையும் விட்டுவைக்காத வளர்ச்சி.

வளர்ச்சி என்று சொல்லக் காரணம் உண்டு. விழி லென்ஸ் பிறப்பதற்கு முன்பே உருவாகி, வாழ்நாள் முழுதும் வெளிப்புறத்தில் புதுப்புது இழைகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது. தோல் உதிர்வதுபோல் அதில் எதுவும் உதிர்வதில்லை. மரம் ஆண்டுக்கு ஆண்டு வளையம் வைத்துப் பழையதை உள்ளே மூடிக்கொள்வது போல, லென்ஸும் தன் பழைய இழைகளை நடுவில் வைத்துக்கொள்கிறது. அறுபது வயதுக்காரரின் லென்ஸ் நடுவில் இருக்கும் புரதம், அவர் தாயின் வயிற்றில் இருந்தபோது உண்டானது. அவ்வளவு நாள் நெருங்கிக் கிடந்த நடுப்பகுதி இறுகிப்போகிறது.

இறுகினால் என்ன? லென்ஸைச் சுற்றி ஒரு தசை வளையம் இருக்கிறது. நுண்ணிழைகள் லென்ஸை அந்த வளையத்தோடு கட்டி இழுத்துப் பிடித்திருக்கின்றன. அருகில் பார்க்கும்போது தசை சுருங்கும், இழைகள் தளரும், மென்மையான லென்ஸ் தானே உருண்டு தடிக்கும், அதன் பவர் கூடும். இந்தப் பொறியை 1850களில் விளக்கிக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். முதுமையிலும் தசை சுருங்கத்தான் செய்கிறது, லென்ஸ்தான் உருள மறுக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் கண் பத்து டயாப்டருக்கு மேல் பவரைக் கூட்ட வல்லது. நாற்பதுகளில் அது நான்கைந்தாகிவிடும். அறுபதில் ஒன்று மிஞ்சினால் அதிகம்.

டயாப்டர் கணக்கு எளிது. ஒன்றை, மீட்டரில் சொன்ன தூரத்தால் வகுத்தால் அந்தத் தூரத்துக்கு வேண்டிய கூடுதல் பவர் கிடைக்கும். ஒரு மீட்டருக்கு ஒன்று, அரை மீட்டருக்கு இரண்டு, செய்தித்தாள் பிடிக்கும் நாற்பது சென்டிமீட்டருக்கு இரண்டரை. கண்ணாடிக் கடையில் எழுதித் தரும் பிளஸ் எண்ணின் பொருள் இதுதான்.

இந்த முதிர்ந்த கண்ணுக்கு மனிதர் வைத்த மிகக் கடுமையான சோதனை ஒன்று உண்டு. அது கைத்துப்பாக்கியால் குறி பார்ப்பது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாத் தோட்டத் துரைமார் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நடமாடினார்கள். இன்று மலேசியாவின் ஆயுதச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. தோட்டத்து மக்களுக்குத் தெரிந்த கைத்துப்பாக்கி, ஒலிம்பிக் சமயத்தில் தொலைக்காட்சியில் வருவதுதான். ஆனால் அந்த விளையாட்டில் கண் படும் பாடு, மரத்தடியில் கண் படும் பாட்டை நமக்குத் தெளிவாக விளக்குகிறது.

துப்பாக்கிக் குழலின் நுனியில் சிறு முள் ஒன்று நிற்கிறது. கைப்பிடிக்கு மேலே, நம் பக்கம், ஒரு தகட்டில் சதுரப் பள்ளம். பள்ளத்தின் நட்டநடுவில் முள் தெரிய வேண்டும், இரு பக்கமும் சமமான வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும், இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கு அப்பால் பத்து மீட்டரில் குறி. கையை நீட்டிப் பிடித்தால் பள்ளம் கண்ணிலிருந்து முக்கால் மீட்டருக்குள் இருக்கும், முள் ஏறத்தாழ ஒரு மீட்டரில் இருக்கும். மூன்று பொருள், மூன்று தூரம். இளங்கண்ணும் ஒரே நொடியில் மூன்றையும் தெளிவாகக் காண முடியாது. அது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விரைவாகத் தாவும், அவ்வளவுதான். முதிர்ந்த கண்ணால் தாவவும் முடியாது. எதைத் தெளிவாகக் காண்பது என்று அது முன்கூட்டியே தேர்ந்துகொள்ள வேண்டும்.

தேர்வுக்குரியது முள்தான், குறியன்று. கணக்குப் போட்டால் காரணம் புரியும். முள்ளுக்கும் பள்ளத்துக்கும் இடையே முப்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்துக்குள் முள் ஒரு மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டருக்கு அப்பால் குண்டு 33 மில்லிமீட்டர் விலகும். ஒலிம்பிக் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். ஆனால் முள்ளும் பள்ளமும் கோணல் இல்லாமல் சேர்ந்து நிற்க, கை மட்டும் ஒரு மில்லிமீட்டர் ஆடினால், குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். குறி கலங்கலான கருவட்டமாகத் தெரிந்தாலும் அதன் நடுவை மூளை நன்றாகவே கண்டுகொள்ளும். முள் கலங்கினால் எல்லாம் போயிற்று. பயிற்சியாளர்கள் எல்லோரும் முள்ளைப் பார், முள்ளைப் பார் என்று ஓதுவது இதனால்தான்.

இப்போது முதிர்ந்த கண்ணுக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம். படிக்கும் கண்ணாடி உதவாது. அதன் தெளிவு நாற்பது சென்டிமீட்டரில் முடிகிறது, முள் ஒரு மீட்டரில் நிற்கிறது. தூரப்பார்வைக்கு உரிய பவரின் மேல் பிளஸ் அரை கூட்டினால் கண்ணின் தெளிவு இரண்டு மீட்டரில் நிற்கும். அங்கே நாம் பார்க்க வேண்டியது எதுவுமே இல்லை! ஆனால் முள்ளிருக்கும் ஒரு மீட்டருக்கும் தொலைவுக்கும் பவர் கணக்கில் அதுவே நடுவிடம். முள்ளும் அரை டயாப்டர்தான் தப்பும், குறியும் ஏறத்தாழ அரை டயாப்டர்தான் தப்பும். முதுமையில் கண்பாப்பா சிறுத்துவிடுவதால் அந்தச் சிறு தவறு இரண்டையும் அவ்வளவாகக் கலக்காது. முள்ளை இன்னும் கூர்மையாகக் காண விரும்புபவர் முக்கால் வரை ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது உதவி ஊசித்துளை. ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, கண்ணாடி இல்லாமல் அதன் வழியே பொடி எழுத்தைப் பாருங்கள். எழுத்து தெளியும். கண்ணின் ஓரங்களில் புகுந்து உருவைக் கலக்கும் கதிர்களைத் துளை தடுத்துவிடுகிறது. போட்டியாளர் சிலரின் கண்ணாடிச் சட்டத்தில், திருகினால் சுருங்கி விரியும் சிறு துளை பொருத்தியிருப்பது இதற்காகவே. விலை, வெளிச்சம்: துளை சிறுக்கச் சிறுக்க இருள் கூடும்.

மூன்றாவது, முள்ளையும் பள்ளத்தையும் மாற்றுவது. கலங்கிய விளிம்பு வெளிச்சக் கீற்றைத் தின்றுவிடும். ஆகவே பள்ளத்தை அகலமாக்கி இரு பக்கமும் தாராளமாக வெளிச்சம் விட வேண்டும். போட்டித் துப்பாக்கிகளில் இதற்கென்றே முள்ளை மாற்றவும் பள்ளத்தை விரிக்கவும் வழி உண்டு.

நான்காவது, செம்புள்ளி. வளைந்த கண்ணாடி ஒன்றின் குவியத்தில் சிறு விளக்கை வைத்தால், பட்டுத் திரும்பும் கதிர்கள் இணையாக வரும். இணைக்கதிர் என்றால் கண்ணுக்கு அது வெகு தொலைவிலிருந்து வரும் ஒளி. எனவே ஒரு சாண் உயரமுமில்லாத கருவிக்குள் இருக்கும் புள்ளி, குறியின் மேலேயே ஒட்டியிருப்பதுபோல் தெரியும். மூன்று தூரங்கள் ஒன்றாகிவிடும், லென்ஸ் உருளவே வேண்டாம். டப்ளின் நகர ஒளியியல் வல்லுநர் ஹோவர்ட் கிரப் 1900இல் கண்ட கொள்கை இது. கண்ணில் சிலிண்டர் பவர் இருப்பவருக்குப் புள்ளி சிதறி வால் முளைத்துத் தெரியலாம். வெளிச்சத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஒலிம்பிக்கில் இந்தக் கருவிக்கு அனுமதி இல்லை, அங்கே முள்ளும் பள்ளமும்தான்.

அந்த முள்ளையும் பள்ளத்தையும் வைத்துக்கொண்டுதான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச், 51 வயதில், கலப்பு அணியில் வெள்ளி வென்றார். சிறப்புச் சட்டம் ஏதுமின்றி, தம் சாதாரணக் கண்ணாடியோடு இரு கண்களையும் திறந்து வைத்துச் சுட்டார். அவருக்கு முன்பே உத்தரப்பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தில் சந்த்ரோ தோமர் என்ற பாட்டி, அறுபதைக் கடந்தபின் முதன்முதலாகக் கைத்துப்பாக்கியைத் தொட்டு, தேசிய அளவில் பதக்கங்களைக் குவித்தார். 2021இல் 89 வயதில் மறைந்தார். கண் மூத்துவிட்டது என்பதால் குறி மூப்படைய வேண்டியதில்லை என்பதற்கு இந்த இருவரும் சாட்சி.

குறி சுடுபவரின் இன்னொரு சங்கடம் நம்மை நேராக ரப்பர் மரத்தடிக்குக் கொண்டுவருகிறது. இரட்டைப் பவர் கண்ணாடியில் அருகுப் பார்வை கீழ்ப்பகுதியில் இருக்கும். அருகிலுள்ளதைக் குனிந்து பார்ப்போம், தொலைவிலுள்ளதை நிமிர்ந்து பார்ப்போம் என்பது அதைச் செய்தவரின் கணக்கு. புத்தகம் படிப்பவருக்கு அந்தக் கணக்கு சரி. நீட்டிய கையில் முள்ளைப் பார்ப்பவருக்குச் சரியில்லை, அவருக்கு அருகுப்பொருள் நேர் எதிரே நிற்கிறது. அவர் தாடையைத் தூக்கிக் கண்ணாடியின் அடிவழியே பார்க்க வேண்டியிருக்கும், கழுத்தும் கையும் நிலைகுலையும்.

பால்வெட்டும் அப்படித்தான். ஒட்டுமரத்தில் முதல் வெட்டு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் கீழிறங்குகிறது. தொடக்கத்தில் வெட்டு முகத்துக்கு நேரே இருக்கும், கடைசியில் குனிந்து பார்க்க வேண்டும், முதிய மரத்தில் உயரத்துப் பட்டையை வெட்டும்போது அண்ணாந்து பார்க்க வேண்டும். தூரமும் செய்தித்தாளின் தூரமன்று, அரை மீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். சந்தையில் வாங்கிய பிளஸ் இரண்டரையை மாட்டிக்கொண்டால் மரத்தோடு முகத்தை ஒட்ட வேண்டும், அடுத்த மரத்துக்கு நடக்கும்போது வேரும் பள்ளமும் கலங்கும். அவருக்கு வேண்டியது ஒன்றரை அல்லது இரண்டு பவரில் முழுக்கண்ணாடி, கழுத்தில் தொங்கவிடக் கயிறு, நடக்கும்போது கழற்றிவிடும் பழக்கம். வெளிச்சமும் வேண்டும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை, இருபது வயதில் எட்டிய ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கே எட்டுகிறது. முதியவருக்கு நல்ல நெற்றி விளக்கு கண்ணாடியில் பாதி. செம்பனையில் குலை பழுத்த நிறத்தைப் பத்து மீட்டர் உயரத்தில் காண வேண்டியவருக்கோ அருகுக் கண்ணாடி தேவையில்லை. அவர் தூரப்பார்வையையும் கண்புரையையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிறு உதவி எவ்வளவு பெரியது என்பதை அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. நாற்பதைத் தாண்டிய 751 கொழுந்து பறிப்பவர்களில் பாதிப்பேருக்கு உடனே அருகுக் கண்ணாடி கொடுத்தார்கள், மறுபாதிக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தார்கள். கண்ணாடி அணிந்தவர்கள் ஒரு நாளைக்குப் பறித்த கொழுந்து, மற்றவர்களை ஒப்பிட 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. ஐம்பதைக் கடந்தவர்களில் அது 31.6 விழுக்காடு. 2018இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த முடிவு இது. ஒரு கண்ணாடியின் செலவு ஏறத்தாழ பத்து டாலர்தான். உலகில் சரியான அருகுக் கண்ணாடி இல்லாமல் 80 கோடிக்கும் மேற்பட்டோர் இருப்பதாக 2015க்கான மதிப்பீடு சொல்கிறது.

குறி சுடுபவர் கண் மருத்துவரிடம் போகும்போது தூரத்தை அளந்துகொண்டு போகிறார். நம் தொழிலாளியும் அப்படியே போக வேண்டும். ஒரு நூலின் முனையைக் கடைக்கண்ணோரம் பிடித்து, கை வேலை செய்யும் இடம் வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். உளி, தையல் ஊசி, சமையல் கத்தி, கணினித் திரை, எதுவானாலும் சரி. அந்த நூலைக் கண்ணாடிக் கடையில் நீட்டி, இந்தத் தூரத்துக்குக் கொடுங்கள் என்று கேளுங்கள். பார்ப்பது நேரேயா, குனிந்தா, அண்ணாந்தா என்றும் சொல்லுங்கள். தோட்ட நிர்வாகங்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் சோதனையை நடத்தலாம். முப்பதாண்டு உழைப்பில் கையில் ஏறிய நுட்பத்தை, கடையில் கிடைக்கும் அரைப் பவர் தவறுக்கு நாம் பலி கொடுக்கக்கூடாது.