பத்து மணிக்குக் காத்திருப்பது யார்?

தத்கல் நேரத்தில் பயணி மட்டுமல்ல, சர்வரும் வரிசையில்தான் நிற்கிறது

காலை மணி 9.59. நாடெங்கும் மொபைல் திரைகளின் மேல் விரல்கள் தயாராக இருக்கின்றன. பத்து அடித்ததும் ஏ.சி. வகுப்புகளுக்கான தத்கல் முன்பதிவு திறக்கும். 2025 மே 22 அன்று இதே பத்து மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாகி சாதனை படைத்தன.

இப்படிப்பட்ட நிமிடத்தில் டேட்டாபேஸ் சர்வரைக் கண்காணிப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும்? சி.பி.யு. எத்தனை சதவீதம் என்பதை, என்பார்கள் புதியவர்கள். அது பாதி உண்மைதான்.

ரயில்வே, வங்கி என்று எந்த டேட்டாபேஸிலும் வரும் கோரிக்கையைக் கவனிக்க ஒரு ப்ராசஸ் உண்டு. கவுன்டர் குமாஸ்தா போல. போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸ். லினக்ஸின் 'டாப்' கட்டளை, அதிகம் சி.பி.யு. தின்பவனை மேலே வைத்துப் பட்டியல் போடும். நினைவக எண்களை அப்படியே நம்ப முடியாது. எல்லா ப்ராசஸ்களும் பகிர்ந்துகொள்ளும் ஒரே நினைவகத்தை அது ஒவ்வொருவர் கணக்கிலும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கும்.

உண்மையான வில்லன் பெரும்பாலும் அந்தப் பட்டியலின் அடியில்தான் இருப்பான். ஒரே படுக்கையை இருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதால், அந்தப் பதிவைத் தொடும் ப்ராசஸ் அதற்குப் பூட்டுப் போடுகிறது. வேலை முடிந்து 'கமிட்' சொன்ன பிறகுதான் அடுத்தவருக்கு வழி. பூட்டியவன் வேறெங்கிருந்தோ வரவேண்டிய பதிலுக்காக நின்றுவிட்டால்? பின்னால் இருநூறு பேர் நிற்பார்கள். ஒருவரும் சி.பி.யு.வைத் தொடுவதில்லை. கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்கு. பயணியின் திரையில் சுழலும் வட்டம். படிவத்தை நிரப்பாமலே கவுன்டரை மறித்து நிற்கும் ஆசாமியை நமக்குத் தெரியாதா என்ன?

அதனால் அனுபவசாலிகள் முதலில் தேடுவது, யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதை. போஸ்ட்கிரெஸில் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி', ஆரக்கிளில் 'வி டாலர் செஷன்' என்ற பட்டியல்கள் அதைக் கண்டுபிடிக்க உதவும். வேலையைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் ப்ராசஸை போஸ்ட்கிரெஸ் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று காட்டிக்கொடுக்கும்.

அதைக் கொன்றால் வரிசை நகரும். ஆனால் அது செய்த பாதி வேலை ரத்தாகும். அதற்குள் வங்கியில் பணம் கழிந்திருந்தால் பணம் திரும்ப வரும். தத்கல் இடம் வராது. பணம் கட்டும் நேரத்தில் பூட்டை வைத்திருக்காதே என்பது இத்துறையின் பாலபாடம். கொல்வதிலும் முறை இருக்கிறது. பதற்றத்தில் லினக்ஸின் 'கில் மைனஸ் 9' ஆயுதத்தை ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் ப்ராசஸ் மீது எடுத்தால் போதும், சர்வர் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு, தன்னைச் சரிசெய்துகொள்ள உட்கார்ந்துவிடும்.

வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் பயணிகளும் அல்ல. தத்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில், உள்ளே நுழையும் முயற்சிகளில் 50 சதவீதம் வரை தானியங்கி மென்பொருள்களின் வேலை என்று 2025 ஜூனில் ரயில்வே சொன்னது. சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடி கணக்குகள் முடக்கப்பட்டன. ஜூலை முதல் ஆன்லைன் தத்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது.

மணி 10.10. வரைபடத்தின் கோடு கீழே இறங்குகிறது. ஸ்லீப்பர் வகுப்புக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது.