மிலிட்டரி நிசான் லாரியில் பெட்ரோல் ஒழுகுதா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் இதைப் பாருங்க!

ஆவடிக்காரர்களுக்கு மிலிட்டரி வண்டி புதிதில்லை. டேங்க் தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கும் ஊர் அது. ராணுவத்தின் நிசான் ஒன் டன் லாரியும் ஜோங்காவும் தயாரானது ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில். 2021-ல் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஆவடியும் ஜபல்பூரும் ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகம் என்ற ஒரே குடைக்குள் வந்தன. அதன் தலைமையகமும் ஆவடிதான்.

ராணுவம் கழித்துவிட்ட இந்த வண்டிகளை ஏலத்தில் எடுத்து, பார்த்துப் பார்த்து ரீஸ்டோர் செய்கிறவர்கள் உண்டு. பெயின்ட், டயர், சீட் எல்லாம் புதுசு. ஆனால், ஸ்டார்ட் செய்ததும் கார்புரேட்டர் ஓரத்தில் ஈரம், கேபின் முழுக்க பெட்ரோல் வாடை. சக்திமான் லாரிக்கு இந்தத் தலைவலி இல்லை, அது டீசல் வகை. நிசானும் ஜோங்காவும் கிட்டத்தட்ட 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. மைனஸ் 40 டிகிரியிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகக்கூடியது பெட்ரோல். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, ஷெட் தரையிலேயே தேங்கி நிற்கும். அதனால் முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவது. பீடி, சிகரெட் கிட்டவே வரக் கூடாது.

எங்கிருந்து ஒழுகுது?

வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, காய்ந்ததும் சாக்பீஸ் தூளைத் தூவிவிடுங்கள். எந்த இடம் முதலில் நனைகிறதோ அதுதான் ஆரம்பம். பெட்ரோல் கீழே சொட்டும் இடத்தை நம்பினால் ஏமாந்துவிடுவோம்.

கார்புரேட்டரின் மேல்பக்கம் வழிந்தால், பெரும்பாலும் ஃப்ளோட் சேம்பர் பிரச்சினை. வீட்டு மாடித் தொட்டியில் மிதக்கும் பந்து இருக்கிறதே, அதே கதை. பெட்ரோல் நிரம்பியதும் ஃப்ளோட் மேலே வந்து, ஊசி வால்வை அழுத்தி வழியை அடைக்க வேண்டும். நடுவில் ஒரு துகள் மாட்டினாலும் வால்வு மூடாது, ஓவர்ஃப்ளோதான். ரீஸ்டோர் செய்த வண்டியில் இது அதிகம் நடக்கக் காரணம் பழைய டேங்க். வெளியே பளபள, உள்ளே துரு! டேங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் பத்து முறை கழற்றி மாட்டினாலும் பலன் இல்லை.

இன்னொரு சந்தேகம், பித்தளை ஃப்ளோட்டில் ஊசிமுனை ஓட்டை. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்கும். சூடான தண்ணீரில் முக்கினால் ஓட்டை வழியே குமிழி வரும். அடுப்பில் வைத்துச் சோதிக்க வேண்டாம், பக்கெட் வெந்நீர் போதும். உள்ளே இருக்கும் பெட்ரோல் முழுவதும் வெளியேறாமல் சால்டரிங் செய்வது தற்கொலைக்குச் சமம்.

மூடிக்கும் சேம்பருக்கும் நடுவே கசிந்தால் பேக்கிங் போயிருக்கும். ‘இன்னும் கொஞ்சம் டைட் வைப்போம்’ என்று ஸ்க்ரூவை முறுக்கினால் அலாய் மூடியே வளைந்துவிடும். கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தால் வளைவு தெரிந்துவிடும்.

E20 காரணமா?

ஓரளவு, ஆமாம். 2023 முதல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய 20% எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து அந்தக் கால ரப்பர் ஹோஸும் டயாப்ரமும் செய்யப்படவில்லை. எத்தனால் பட்டால் சில வகை ரப்பர் ஊதும், பிறகு வெடிப்பு விடும். டேங்கில் ஒட்டிக் கிடந்த பழைய பிசினையும் அது கரைத்துக் கிளப்பிவிடும். அந்த அழுக்கு நேராகப் போய் நிற்பது ஊசி வால்வில். எத்தனாலைத் தாங்கும் வைட்டான் வகை ரப்பரில் ஹோஸ், ஓ-ரிங் கேட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் தேடலாம், ரப்பர் மட்டும் பழசு வேண்டாம்.

ஓடும்போது ஒழுகாமல், இன்ஜினை அணைத்த பத்து நிமிஷத்தில் மட்டும் வாடை வருகிறதா? சூடான இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து வழிகிறது. சென்னை மே மாதத்தில் இது சகஜம். கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய வெப்பத்தடுப்புத் தகடும் தடிமனான பேக்கிங்கும் ரீஸ்டோர் செய்யும்போது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று: ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தாலோ, ஆயில் அளவு கூடியிருந்தாலோ, ஓவர்ஃப்ளோ ஆன பெட்ரோல் உள்ளே இறங்குகிறது, அல்லது பெட்ரோல் பம்ப் டயாப்ரம் கிழிந்திருக்கிறது. ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க.