கைக்குழந்தைக்குக் காரில் ஓர் இருக்கை

கைக்குழந்தையின் முதுகு காரின் முன்பக்கமும் முகம் பின்கண்ணாடியின் பக்கமும் இருக்கும்படி படுக்கவைக்கும் இருக்கையைப் பின்நோக்கிய குழந்தை இருக்கை என்கிறார்கள். அதைக் காரோடு பிணைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கார் சீட்டுக்குள்ளேயே பதித்திருக்கும் ஐசோஃபிக்ஸ் கம்பிகள். மற்றொன்று, பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் அதே சீட் பெல்ட். ஐசோஃபிக்ஸ் இல்லாத பழைய கார்களும் வாடகைக் கார்களும் சித்தூர், திருப்பதிச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பெல்ட்தான் வழி. சரியாகக் கட்டினால் இரண்டுமே குழந்தையைக் காக்கும். ஆனால் தவறாகக் கட்டிவிடும் வாய்ப்பு பெல்ட்டில்தான் அதிகம்.

இந்த வட்டாரத்தில் பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைகள் நெடுந்தூரம் காரில் போகிறார்கள். வேலூரில் பிரசவம் பார்த்துவிட்டுச் சித்தூருக்குத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. முதல் மொட்டைக்காகச் சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருமலைக்கு வருபவர்கள் ஏராளம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு வரும் பெற்றோரைத் திருமலை தேவஸ்தானம் சுபதம் என்ற நுழைவாயில் வழியாகத் தனியே தரிசனத்துக்கு அனுப்புகிறது. கோயிலில் கிடைக்கும் அந்தச் சலுகை காரில் கிடைப்பதில்லை. அங்கே பெரியவர்கள் எல்லோருக்கும் சீட் இருக்கும், குழந்தைக்கு மட்டும் பாட்டியின் மடி.

மடி ஏன் போதாது என்பது கணக்கில் தெரியும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளிருப்பவர்கள் மீது புவியீர்ப்பைப் போல் சுமார் 20 மடங்கு விசை பாய்கிறது. 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 200 கிலோ மூட்டையாகிவிடும். அதை இரண்டு கைகளால் பிடித்து நிறுத்த எவராலும் முடியாது.

பின்நோக்கி வைப்பதற்குக் காரணம் கழுத்து. பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு தலைதான். அதைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முற்றாமல், பாதி குருத்தெலும்பாகவே இருக்கும். முன்நோக்கி அமர்ந்த குழந்தையின் உடலை வார் பிடித்து நிறுத்தும்போது தலை மட்டும் முன்னே பாய்ந்து கழுத்தை இழுக்கும். பின்நோக்கி இருந்தால் தலையும் கழுத்தும் முதுகும் ஒன்றாக இருக்கையின் ஓட்டில் அழுந்தும். விசை முதுகு முழுக்கப் பரவிவிடும். விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து படுத்துப் போவதைப் பார்த்து, இதே முறை குழந்தைக்கும் பொருந்தும் என்று 1960களில் யோசித்தவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெர்டில் ஆல்ட்மன். வோல்வோ நிறுவனம் அவருடைய மாதிரியை 1964இல் காரில் வைத்துச் சோதித்தது.

இந்தியச் சட்டமும் இதைத் தொட்டிருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம். குழந்தை எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்வதில்லை. இருக்கை எந்தக் குழந்தைக்குப் பொருந்தும் என்பதைச் சொல்வது அதன் மீது ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிறச் சீட்டு. ஐ.நா.வின் 44ஆம் விதிப்படி செய்ததில் எடை போட்டிருக்கும். கைக்குழந்தைக்கான வகை 13 கிலோ வரை. புதிய 129ஆம் விதிப்படி செய்ததில் குழந்தையின் உயரம் சென்டிமீட்டரில் இருக்கும். அந்தச் சீட்டே இல்லாத இருக்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. ஒருமுறை விபத்தில் அடிபட்ட இருக்கையும் அப்படித்தான். வெளியே விரிசல் தெரியவில்லை என்பதால் அது நல்லது என்றாகிவிடாது.

இருக்கையை வைக்கும் இடம் பின்சீட். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்நோக்கிய இருக்கையை வைக்கவே கூடாது. விரியும் ஏர்பேக் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள ஓட்டில்தான் அறையும். இன்றைய கார்களில் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்குகள் கட்டாயம் என்பதால், முன்சீட் என்ற பேச்சையே விட்டுவிடலாம். பின்சீட்டின் நடுவில் இடுப்புப் பெல்ட் மட்டும் இருந்தால் அதுவும் பெரும்பாலான இருக்கைகளுக்கு உதவாது. தோளுக்கும் சேர்த்து வரும் மூன்று முனைப் பெல்ட் வேண்டும்.

கட்டுவதற்கு முன் நம் ஊர்க் கார்களில் ஒரு வேலை உண்டு: பக்கிளைத் தேடி எடுப்பது. பின்சீட் பெல்ட்டை யாரும் போடாததால், சீட் கவர் மாட்டும்போது பக்கிளை அடியில் தள்ளி மூடியிருப்பார்கள். கவரின் மேல் தடித்த மெத்தையும் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். மெத்தை அமுங்க அமுங்கப் பெல்ட் தளரும்.

காரைச் சமதரையில் நிறுத்தி, இருக்கையைப் பின்நோக்கி வைத்து, அதன் பக்கவாட்டில் உள்ள கோடு தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிகம் நிமிர்ந்திருந்தால் தூங்கும் குழந்தையின் தாடை நெஞ்சில் சரிந்து மூச்சை அடைக்கும். பிறகு பெல்ட்டை நீளமாக இழுத்து, இடுப்புப் பகுதியைக் குழந்தையின் கால்மாட்டுக்கு மேலாகக் கொண்டுபோய், இரு ஓரங்களிலும் உள்ள நீல நிறக் கொக்கிகளுக்குள் விட்டு, பக்கிளில் ‘டக்’ என்று மாட்ட வேண்டும். தோள் பகுதி தலைமாட்டைச் சுற்றி, ஓட்டின் பின்புறம் உள்ள நீல வழிக்குள் போகும். கைக்குழந்தைக் கேரியர்களில் பெரும்பாலும் இதுதான் முறை. பெரிய குழந்தைக்கும் சேர்த்துச் செய்த இருக்கைகளில் பெல்ட் குழந்தைக்கு அடியில், துணிக்குள் ஓடும். நீலம் பின்நோக்கி வைப்பதற்கு, சிவப்பு முன்நோக்கி வைப்பதற்கு. இரண்டையும் மாற்றிவிடுவது வழக்கமான தவறு. கையேட்டில் உள்ள படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் அது நேராது.

அடுத்து இறுக்குவது. ஒரு கையால் இருக்கையை அழுத்திக்கொண்டு, மறு கையால் முதலில் இடுப்புப் பகுதியின் தொய்வையும் பிறகு தோள் பகுதியின் தொய்வையும் இழுத்தெடுக்க வேண்டும். முடித்தபின், பெல்ட் போகும் இடத்திலேயே பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் மறுபடி இறுக்க வேண்டும். தலைமாடு சற்று ஆடுவது இயல்பு, அது கணக்கில்லை. பக்கிள் இருக்கையின் ஓரத்தில் மடங்கி உட்கார்ந்திருந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இழுவையில் அது உடையக்கூடும்.

திருமலைச் சாலையில் இந்த இறுக்கத்துக்குத் தனிச் சோதனை உண்டு. வழக்கமான சீட் பெல்ட் வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் நீண்டுகொண்டே வரும். மலை ஏறும்போதும், 1944இல் திறந்த பழைய பாதையில் இறங்கும்போதும், கொண்டை ஊசி வளைவுகள் இருக்கையை அப்படித்தான் மெல்ல மெல்ல இழுக்கின்றன. இருக்கையில் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் இருந்தால் அதை மறக்காமல் மூட வேண்டும். ஏறுவதற்கு முன் அலிபிரியில் சோதனைக்காக எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும், குழந்தையையும் தூக்கிக்கொள்வார்கள். திரும்ப உட்காரவைக்கும் முன் பெல்ட்டை ஒருமுறை ஆட்டிப் பார்க்க அது தோதான இடம்.

குழந்தையைப் பிடிக்கும் வார்கள் தோள்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். காறை எலும்புக்கு மேல் வாரை இரு விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு சிக்கக் கூடாது. துணியால் சுற்றிய குழந்தையை அப்படியே வைத்து வாரை மாட்டினால் இறுக்கியதாகத் தோன்றும், மோதும்போது அத்தனையும் தொய்வாகிவிடும். வாரை மாட்டிய பிறகு மேலே போர்த்தலாம். சித்திரை வெயிலில் நின்ற காரில் வாரின் உலோகப் பகுதி கொதிக்கும். தொட்டுப் பார்க்காமல் குழந்தையை வைக்கக் கூடாது. சென்னையிலிருந்து வருபவர்கள் திருத்தணியிலும் புத்தூரிலும் நிறுத்திக் குழந்தையைச் சற்றுத் தூக்கி வைத்திருப்பது நல்லது. வளைந்த இருக்கையில் மணிக்கணக்கில் கிடப்பது பச்சிளம் குழந்தைக்கு ஆகாது.

முன்நோக்கித் திருப்பும் நாள் பற்றிப் பெற்றோர் அவசரப்படுவது வழக்கம். கால் பின்சீட்டில் முட்டுகிறது, குழந்தை ஒன்றும் பார்க்க முடியவில்லை என்பார்கள். கால் மடங்குவது குழந்தைக்குச் சிரமமே இல்லை, அது திருப்புவதற்கான காரணமும் இல்லை. 129ஆம் விதிப்படி 15 மாதம் வரை பின்நோக்கி வைப்பது கட்டாயம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2018இல் சொன்னது, இருக்கை தாங்கும் எடையும் உயரமும் உள்ளவரை பின்நோக்கியே வைக்க வேண்டும் என்று. கேரியரின் விளிம்பைத் தலையின் உச்சி நெருங்கினாலோ, 13 கிலோவைத் தாண்டினாலோ அந்தக் கேரியரின் காலம் முடிந்தது. அப்போதும் வாங்க வேண்டியது இன்னும் பெரிய பின்நோக்கிய இருக்கையைத்தான்.