"இது நம்ம வீடுதாம்மா!"

"நேரமாச்சு... என்னைக் கொண்டுபோய் வீட்டுல விடு!"

மாலை ஆறு மணி. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் தலையணை உறை ஒன்று, டி.வி. ரிமோட் ஒன்று. புறப்படத் தயாராக நிற்பது என் அம்மா. நிற்கிற இடம்? 48 வருஷமாக அவர் குடியிருக்கும் எங்கள் கோட்டக்குப்பம் வீட்டு வாசல்!

"இது நம்ம வீடுதாம்மா!" என்றேன்.

"யாருப்பா நீ? எம்புள்ளை மாதிரியே பேசறே!"

முதல் நாள் சிரித்தேன். பத்தாம் நாள் கத்தினேன். அன்று ராத்திரி தனியாக உட்கார்ந்து அழுதேன்.

ஆரம்பம் சாதாரணமாகத்தான் இருந்தது. மஃரிப் தொழுது முடித்த ஐந்தாவது நிமிஷம், "மஃரிப் தொழுதேனா?" என்பார். 'வயசானா மறதி வராதா' என்று விட்டுவிட்டோம். அப்புறம் அவர் பணம் காணாமல் போனது. எடுத்தது யார்? என் மனைவியாம்! பணம் அரிசி டின்னுக்குள் பத்திரமாக இருந்தது. ஆனால், மாமியார் - மருமகள் சண்டை என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது.

ஒருநாள் கதவைத் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸும் காரும் பறக்கிற நேரம்... ரோட்டின் நடுவே அம்மா! புண்ணியவான் ஓர் ஆட்டோக்காரர் கைபிடித்துக் கூட்டி வந்தார்.

அதன்பிறகுதான் புத்தி வந்தது. எங்கள் ஊரிலிருந்து எட்டிக் கால் வைத்தால் புதுச்சேரி. அங்கே பரிசோதித்த டாக்டர், "அல்சைமர்" என்றார். 1906-ல் அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் எடுத்துச் சொன்ன மூளை நோய். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 100-க்கு ஏழு பேருக்கு மேல் ஞாபகம் சிதையும் இந்த வகை நோய்கள் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. சுமார் 88 லட்சம் பேர்!

பேரன் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பது மறந்தால், அது வயசு. பேரனுக்குக் கல்யாணம் ஆனதே மறந்துபோனால், உடனே டாக்டர். ஏனென்றால் தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அதைச் சரிசெய்யலாம். அல்சைமருக்கு முழுசாகக் குணமாக்கும் மருந்து இல்லை. தொல்லைகளைக் கொஞ்சம் குறைக்கும் மாத்திரைகள் உண்டு.

சீட்டு எழுதிய டாக்டர் நிமிர்ந்து, "அம்மாவை யார் பார்த்துக்கறா?" என்றார்.

"நாங்கதான் சார்."

"நாங்கன்னா?"

நான் மனைவியைப் பார்த்தேன்.

"இவங்க கடைசியா எப்போ ராத்திரி முழுக்கத் தூங்கினாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மனைவிதான் மெதுவாகச் சொன்னாள்: "எட்டு மாசமாச்சு டாக்டர்."

சுருக்கென்றது. நோய் அம்மாவுக்கு, தேய்ந்துகொண்டிருந்தது இவள்!

சென்னையிலிருந்து தங்கையை வரவழைத்தேன். ரெண்டு மணி நேரம் வந்து இருந்துவிட்டு, "அம்மா நல்லாத்தானே இருக்காங்க!" என்று சொல்லிப் போகிறவள் அவள். இந்தத் தடவை ஒரு வாரம் தங்கினாள். மூன்றாம் நாளே, "பாவம்ண்ணே மச்சி" என்றாள். இப்போது மாதத்தில் ஒரு வாரம் அவள் முறை. வெள்ளி, சனி ராத்திரி காவல் நான். ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு லீவு!

பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் துணை வேண்டும் என்றுதான் 1992-ல் கேரளாவின் குன்னங்குளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய், ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அமைப்பைத் தொடங்கினார். மனசு கனத்தால் 14416-க்கு போன் பண்ணலாம்; எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. ரெண்டுக்கும் காசு கிடையாது.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். அம்மாவிடம் வாதாடுவதில்லை.

"வீட்டுக்குப் போகணும்!"

"போலாம்மா. ஒரு டீ குடிச்சிட்டுக் கிளம்புவோம்."

டீ முடிந்ததும் கைபிடித்துத் தெருவை ஒரு சுற்று. திரும்ப அதே வாசல்.

"வீடு வந்தாச்சும்மா!"

"அப்பாடா..." என்று உட்கார்ந்தார் அம்மா. தண்ணீர் கொண்டுவந்த என் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு பெத்த புள்ளையோ... தங்கமான பொண்ணு!"

மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கேட்டீங்களா? திருட்டுப் பட்டம் போயிடுச்சு!"