மணலில் கீறிய வீடு

உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது நின்று பார்த்தவர்களுக்கு அம்பாப் பாட்டுத் தெரிந்திருக்கும். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார்; கயிற்றைப் பிடித்தவர்கள் எல்லோரும் பின்பாட்டுப் பாடுவார்கள். புதிதாக வந்த பையனிடம் பாட்டுத் தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை. கயிற்றைப் பிடித்தால் போதும், பாட்டுத் தானாக வந்துவிடும்.

கதை சொல்லும் கூட்டத்தையும் இப்படி வளர்க்கலாம் என்பது எமது எண்ணம். கற்பிட்டிப் பக்கத்துக் குடியிருப்புகளில் மாலைநேரப் பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் 'விட்டுவந்த ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் வழக்கமாகப் பேசும் இருவர் மூவரே வாய் திறப்பார்கள். மற்றவர்கள், முக்கியமாகப் பெண்கள், "எனக்கென்ன தெரியும், மாஸ்டரிடம் கேளுங்கள்" என்று ஒதுங்கிவிடுவார்கள்.

இதில் அவசரம் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். அன்று நாற்பது வயதில் முசலியில் வயல் செய்தவருக்கு இன்று எழுபத்தைந்து ஆகிறது. இங்கே பிறந்து வெங்காயத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, அகத்திமுறிப்புக் குளத்து வாய்க்கால்களில் எது எந்த வயலுக்குப் போனது என்று தெரியாது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

2012இலும் 2017இலும் முசலிப் பகுதியில் ஒதுக்குக்காடுகள் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. ஆளில்லாமல் காடேறிக் கிடந்த தங்கள் காணிகளும் அதற்குள் அகப்பட்டுவிட்டன என்று திரும்பிப்போன மக்கள் முறையிட்டார்கள். வாய்ப்பேச்சு காணி உறுதியாகிவிடாதுதான். ஆனால் உறுதியைத் தொலைத்தவர் எந்தக் கந்தோரில் எதைத் தேடுவது என்று தொடங்கவேனும், வாப்பா வெட்டிய கிணறு எங்கே இருந்தது என்று யாராவது சொல்ல வேண்டுமே.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் ஒரு நூல் 2011இல் வெளிவந்தது. போரில் வீடிழந்தவர்களிடம் அந்த வீட்டின் நிலப்படத்தைத் தம் கையாலேயே கீறச் சொன்னார் அவர். அப்படிக் கீறிய 80 வீடுகளும் அவற்றின் நினைவுகளும் அந்நூலில் உள்ளன. முற்றுப்பெறாத தோம்பு என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு என்பதை எமது விவசாயிகளுக்கு விளக்கத் தேவையில்லை.

அதை அறிந்துதான் நாமும் ஒரு வளவில் செய்து பார்த்தோம். மணலுக்கா இங்கே பஞ்சம்! பேசாமலிருந்த ஒரு தாயாரிடம் ஈர்க்கில் ஒன்றைக் கொடுத்து, "கதை வேண்டாம், வாசல் எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டுங்கள்" என்றோம். வாசல் கீறினார். பிறகு குசினி, கிணறு, மாட்டுக்கொட்டில். கொட்டிலுக்கு வந்ததும் ஒரு பசுவின் பெயரைச் சொன்னார். அதன்பின் அவரை நிறுத்த முடியவில்லை.

அன்று ஒரு பிழையும் விட்டோம். அவர் ஒரு வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும்போது எம்மில் ஒருவர் ஆண்டைத் திருத்தினார். தாயார் ஈர்க்கிலைக் கீழே வைத்துவிட்டார். அன்றிலிருந்து புதியவர் பேசும்போது குறுக்கே திருத்துவதில்லை. சந்தேகம் இருந்தால் கூட்டம் கலைந்தபின் தனியே கேட்கிறோம். வெளியேறிய நாளைச் சொல்லும்படி யாரையும் கேட்பதுமில்லை. சொல்ல விரும்புபவர் தாமாகச் சொல்வார். கொப்பியில் எழுதுவதை இளம்பிள்ளைகளிடம் விட்டிருக்கிறோம். எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக்காட்டி, அவர் வேண்டாமென்பதை அடித்துவிட வேண்டும்.

அடுத்த கிழமை அந்தத் தாயார் தன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கிணறு வீட்டுக்குக் கிழக்கே இருந்ததா மேற்கே இருந்ததா என்று இருவருக்கும் வழக்கு. பேரப்பிள்ளைகள் சுற்றிநின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.