சிலோன் ரேடியோ பற்றி இதெல்லாம் தெரியுமா?

சிலோன் ரேடியோவில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவரா நீங்கள்? அப்படியானால் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுக்கு நீங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறீர்கள், தெரியுமா? 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சின்ன அறையில் எட்வர்டு ஹார்ப்பர் என்ற தலைமைப் பொறியாளரும் அவருடைய ஆட்களும் முதல் ஒலிபரப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிக்குச் சாமான் எங்கிருந்து கிடைத்தது? போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் வானொலிக் கருவியைக் கழற்றி எடுத்ததாம்! அதில் செய்தியோ சொற்பொழிவோ போகவில்லை. கிராமபோன் இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள். பிறக்கும்போதே பாட்டோடு பிறந்த நிலையம்! 1925 டிசம்பர் 16இல் முறைப்படி தொடக்கவிழா. லண்டனில் பிபிசி தொடங்கி அப்போது மூன்றே வருஷம். ஆல் இந்தியா ரேடியோவுக்கு அந்தப் பெயர் வைக்க இன்னும் பதினோரு வருஷம் இருந்தது.

இரண்டாம் உலகப் போரும் இந்த நிலையத்துக்கு ஒரு சீதனம் கொடுத்துவிட்டுப் போனது. மவுன்ட்பேட்டன் தலைமையிலான நேச நாட்டுப் படையினருக்காக ஏகலை என்ற இடத்தில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்ததும் அதை இலங்கை அரசிடமே விட்டுவிட்டார்கள். பர்மா காட்டுச் சிப்பாய்க்காக வைத்த கருவியில் பின்னாளில் யார் யார் பாட்டெல்லாம் வந்தது என்று நினைத்துப் பாருங்கள்! 1950இல் வர்த்தக சேவை ஆரம்பம்.

அடுத்த உதவி, சத்தியமாக எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. டில்லியிலிருந்து! 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. சாஸ்திரிய சங்கீதம் கேட்டு ஜனங்கள் திருந்த வேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அநேகமாகக் காணாமலே போயிற்று. (ஹார்மோனியத்துக்கே 1940 முதல் அங்கே தடை இருந்தது, 1971 வரைக்கும் நீடித்தது. அந்தப் பெட்டி என்ன பாவம் செய்ததோ!) ஜனங்கள் திருந்தவில்லை, ரேடியோவின் முள்ளைத் திருப்பினார்கள். முள் போய் நின்ற இடம் கொழும்பு. 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி டில்லி இறங்கிவருவதற்குள் நேயர்கள் சிலோனில் குடியேறிவிட்டார்கள்.

இந்திக்காரர்கள் கதை தனி. அறிவிப்பாளர் அமீன் சயானி 20 வயதை எட்டும் முன்பே ஆரம்பித்த 'பினாகா கீத்மாலா' என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவாகி, விமானத்தில் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து வானலையில் இந்தியாவுக்கே திரும்பி வந்தது! நடிகர் சுனில் தத்கூட நட்சத்திரமாவதற்கு முன் ரேடியோ சிலோனில் அறிவிப்பாளராக இருந்தவர்தான், தெரியுமா?

ஆனால் தமிழர்களைக் கேட்டால் வேறு பெயர்கள் வரும். எஸ்.பி. மயில்வாகனம்! கே.எஸ். ராஜா! ராஜேஸ்வரி சண்முகம்! பி.எச். அப்துல் ஹமீத்! இவர்களில் ஒருவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் குரலை மட்டும் வைத்து வீட்டு ஆள்போல உரிமை கொண்டாடியது தமிழ்நாடு. ராஜா படபடவென்று பொரிந்து தள்ளுவார், ஒரு சொல் சிதறாது. ராஜேஸ்வரி பேசினால் அவசரமே இல்லாத நிதானம். 'ழ'வும் 'ள'வும் அவர்கள் வாயில் தனித்தனியாக விழுவதைக் கேட்டு உச்சரிப்புத் திருத்திக்கொண்ட பையன்கள் மதுரைப் பக்கமும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு.

அந்த நிகழ்ச்சிகளுக்குத்தான் எத்தனை சாமர்த்தியம்! 'ஜோடி மாற்றம்' நினைவிருக்கிறதா? டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பாடிய டூயட் ஒன்று. அடுத்த பாட்டில் சுசீலா இருப்பார், ஜோடி பி.பி. ஸ்ரீனிவாஸாக மாறியிருக்கும். அதற்கடுத்து ஸ்ரீனிவாஸுக்கு ஜானகி. கேட்கிறவன் சும்மா இருப்பானா, அடுத்த பாட்டு எது என்று டீக்கடையிலேயே பந்தயம்! 'இசையும் கதையும்' வேறு ரகம். நேயர் எழுதி அனுப்பிய கதையை வாசித்து, இடையிடையே பொருத்தமான பாட்டைச் செருகுவார்கள். பெரும்பாலும் காதல் தோல்வி. அழுதுகொண்டே கேட்ட அக்காமார்கள் மறுநாளும் கேட்டார்கள். 'பாட்டுக்குப் பாட்டு' தமிழகத் தொலைக்காட்சிக்கு ஹமீதோடு வந்து சேர்ந்தது பலருக்கும் தெரியும். அது வானொலியில் வளர்ந்த பிள்ளை என்பது இளசுகளுக்குத் தெரியுமா?

பிறந்தநாள் வாழ்த்து மட்டும் தனி உலகம். குழந்தை பெயர், ஊர், பிறகு வாழ்த்துவோர் பட்டியல்: அப்பா, அம்மா, அப்பப்பா, அம்மம்மா, மாமா, மாமி, சித்தப்பா, சின்னம்மா என்று ஓடும். ஒரு பெயர் விட்டுப்போனால் குடும்பத்தில் சண்டை! யாழ்ப்பாணத்துச் சின்னப் பெண்ணுக்கு வயது எத்தனை என்று திருநெல்வேலியில் தெரிந்திருந்தது. இங்கிருந்தும் பாட்டுக் கேட்டு எழுதினார்கள். வெளிநாட்டுத் தபால்தலைக்குச் சில்லறை சேர்த்து, 'கொழும்பு 7' என்று முகவரி எழுதி, வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் பெயர் வாசிக்கும் நேரம் பார்த்து அலை மங்கிவிடும். ஐயோ!

அலை ஏன் மங்கியது? சிற்றலை நேராக நம் வீட்டுக்கு வருவதில்லை. வானத்தின் மேலே அயனி மண்டலம் என்று மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு இருக்கிறது. அதில் பட்டுத் திரும்பி விழுகிறது. அந்த அடுக்கு ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதால் ஒலி ஏறும், இறங்கும். மத்திய அலைக்கு வேறு கணக்கு. பகலில் அந்த மண்டலத்தின் கீழடுக்கு அதை விழுங்கிவிடும், இரவில் அந்தக் கீழடுக்கே கலைந்துபோவதால் அலை வெகுதூரம் பாயும். தவிர, மத்திய அலைக்கு உப்புத் தண்ணீர் ராஜபாட்டை! தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் தீவின் முனை சுமார் 30 கிலோமீட்டர்தான். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் சிலோன் உள்ளூர் நிலையம்போலக் கணீரென்று கேட்டதில் மாயமே இல்லை. இந்த விஞ்ஞானம் தெரியாமல் நாம் ரேடியோவின் தலையில் தட்டினோம், கூரைமேல் வலை ஏரியலைத் திருப்பிக் கட்டினோம், தீர்ந்துபோன பேட்டரிகளை முற்றத்து வெயிலில் காயவைத்தோம். பேட்டரி வைத்தியம் கொஞ்ச நேரத்துக்குப் பலித்தது என்பதுதான் வேடிக்கை! இத்தனைக்கும் ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்த காலம் அது. டில்லிக்கு லைசென்ஸ் பணம், காது கொழும்புக்கு!

இலங்கைக்காரர்களுக்கு அது வெறும் சினிமாப் பாட்டுப் பெட்டியுமல்ல. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' என்ற தொடர் நாடகத்துக்காக ஒழுங்கைகள் காலியாகக் கிடந்ததை இன்றும் சொல்வார்கள். ராமதாஸின் 'கோமாளிகள்' வானொலியில் சிரிக்கவைத்து, 1976இல் படமாகவே வந்துவிட்டது. ஏ.இ. மனோகரனின் 'சுராங்கனி' பாட்டு கடல்தாண்டி, இளையராஜா இசையில் 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குள்ளும் நுழைந்தது. அதே நாட்டில்தான் போரும் வந்தது. கோடிப்பேர் காதில் ஒலித்த கே.எஸ். ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார். இதை எழுதும்போது ஆச்சரியக்குறி போட மனம் வரவில்லை.

கடைசியாக ஒரு கதையையும் தீர்த்துவிடுவோம். 1953இல் எவரெஸ்ட் உச்சியில் ஹில்லாரியும் டென்சிங்கும் கையிலிருந்த டிரான்சிஸ்டரைத் திருப்பியதும் முதலில் கேட்டது சிலோன் ரேடியோதான் என்று சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம் இல்லையா? அடிவார முகாமில் வானொலி இருந்தது உண்மை. உச்சியேறிய சேதி உலகுக்கு அறிவிக்கப்பட்டதைக் குழுவினர் அதில் கேட்டதும் உண்மை. ஆனால் டிரான்சிஸ்டர் ரேடியோ என்ற பொருளே கடைக்கு வந்தது 1954இன் கடைசியில்தான், தெரியுமா?